இரண்டாம் சாக்கெட்

ஒஸ்த்ராவாவில் ஜனவரி, இரவு பதினொன்றரை.
எட்டாம் எண் டிராம் திரும்பும்போதெல்லாம்
மேசைமேல் திருகாணிகள் ஒரு நூல் நகர்கின்றன.
கடைசி வண்டி போகட்டும் என்று காத்திருந்தேன்.
நூற்றுச்சொச்சம் கால்கள் ஒவ்வொரு சில்லுக்கும்.
ஒன்று மடங்கினால் போச்சு.

நில அளவை அலுவலகம் ஒன்றைக் கலைத்தபோது
கிலோ விலைக்கு வாங்கிய பெட்டி.
பொன் இருக்கு, உருக்கலாம் என்றான் விற்றவன்.
உருக்க இல்லை, ஓட்டிப் பார்க்க என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தான்.
மீதிச் சில்லறையைத் தரவில்லை.

முதலில் வெய்டெக்.
அதற்குக் கட்டளையிடுவது ஒரு தினுசு.
செய்ய வேண்டியது என்ன என்பதை
முகவரியிலேயே எழுதி அனுப்ப வேண்டும்.
உறைமேல் ‘பெருக்கு’ என்றிருக்கும்;
உள்ளே வெறும் எண்.
என் தங்கை மிலுஷெ இப்படித்தான்
திட்ட வேண்டியதையெல்லாம் உறைமேல் எழுதுவாள்,
தபால்காரரும் படிக்கட்டும் என்று.
உள்ளே ஒரு தொகையும் கையெழுத்தும்.

அடுத்தது ஒரு கள்ளன்.
எட்டே அலமாரி என்று உலகம் நம்ப
பின்சுவரில் இன்னும் இரண்டு வரிசை ஒளித்திருப்பவன்.
நாலுக்கு நாலு அணியை ஒரே கட்டளையில் பெருக்குவான்.
அதற்கென்று எழுதிய நிரல்கள்
விரல்விட்டு எண்ணினால் விரல் மிஞ்சும்.
இந்தச் சில்லை யாராவது ஒருமுறையேனும்
அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்களா?
கூப்பிட்டேன்.
என் அறையின் எட்டு மூலைகளையும் அளந்து கொடுத்து
பதினேழு பாகை திருப்பு என்றேன்.
கண்ணிமைக்க நேரமில்லை, அறை திரும்பிவிட்டது.
கணக்குப்படி என் கட்டிலின் கால்மாடு இப்போது
திருமதி ஹவ்லினோவாவின் சமையலறையில்.
சுவருக்கு அந்தப்புறம் அவர் பாத்திரம் கழுவுகிற சத்தம்
நிற்கவே இல்லை.

கடைசியில் அந்த ஜோடி.
ஒன்று முதல் சாக்கெட்டுக்கு:
யோசனை, கணக்கு, எல்லாம் அதற்குள்ளேயே.
மற்றது பக்கத்துக் கணித சாக்கெட்டுக்கு.
அதே பெயர், அதே பொன்முலாம்,
வாலில் மட்டும் ‘இரண்டு’.
உள்ளே கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை.
பிழை நேர்ந்தால்
நேர்ந்தது என்று போர்டுக்குச் சொல்லும்.
அவ்வளவுதான்.

பிடுங்கி வைத்துவிட்டு ஓட்டினேன்.
சைன் சரி. வர்க்கமூலம் சரி.
பையின் இலக்கங்கள் வரிசை தப்பாமல் வந்தன.

ஓலமௌட்சுக்குப் போன் போட்டேன்.
பாலக் கம்பெனியில் எட்டு வருடம்
என் கணக்குகளைச் சரிபார்த்தவன் ஒடகார்.
அவனாக ஒரு கணக்கும் போட்டதில்லை.
சிவப்புப் பென்சிலை ஓரத்தில் ஒரு தட்டு தட்டுவான்,
அங்கே தப்பு இருக்கும்.
அதில் மூன்று வருடம் கல்யாணமும் ஆகியிருந்தது எங்களுக்கு.

இரண்டாவது சில்லு தண்டம் என்றேன்.
இருமினான்.
ஜன்னல் கொக்கியை மாற்றிவிட்டாயா என்றான்.
பிறகு,
“பூஜ்யத்தால் வகுத்துப் பார்த்தாயா?”

வழக்கமாக இவை அதைக் கண்டுகொள்வதில்லை.
முடிவிலி என்று எழுதிவைத்துவிட்டு
அடுத்த வரிக்குப் போய்விடும், பெரிய மனிதர்கள்போல.
அந்தச் சலுகையை ஒரு பிட்டை மாற்றி ரத்து செய்தேன்.
ஒன்றைப் பூஜ்யத்தால் வகுத்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
கர்சர் மினுக்கியது, யாரோ கேட்டதற்குப்
பதில் தெரியாதவர் கண்கொட்டுவதுபோல.

அணைத்து, இரண்டாவதைச் செருகி,
மறுபடி ஒன்று, மறுபடி பூஜ்யம்.
பதின்மூன்றாம் இன்டரப்ட் எகிறியது.
திரை முழுக்கப் ‘பிழை’.

“வந்ததா?”
“வந்தது.”
“தூங்கு” என்றான். வைத்துவிட்டான்.

முதல் சில்லைத் தொட்டால் சுட்டது.
இரண்டாவது அப்போதுதான் வெளியிலிருந்து வந்ததுபோல்
குளிர்ந்து கிடந்தது.

இன்னொருமுறை பூஜ்யத்தால் வகுத்தேன்,
தேவையில்லாமல்.