ஏழு, கீழ்

மஹ்பூலாவைச் சுற்றி முள்கம்பி வந்த அன்று
எங்கள் அறையில் கட்டில் பத்தாமல் போனது.

அதுவரை பத்தியது.
எட்டுக் கட்டில், பதினாறு பேர்.
பகல் ஆள் எழுந்ததும் ராத்திரி ஆள் படுப்பான்.
மெத்தை ஆறுவதே இல்லை.
கம்பெனிக்கு அது கணக்கு.
ஜனவரிக் குளிரில்
எங்களுக்கும் அது ஒரு சௌகரியம், பொய் சொல்வானேன்.

என் கட்டிலின் மறுபாதி ஆளை
இரண்டு வருஷமாகத் தெரியும்:
கடுகெண்ணெய் வாசனை,
உறையில் ஒட்டிய நரைமுடி,
சுவரோரம் செருகிய சர்க்கரை மாத்திரை அட்டை.
அவன் சால்மியாவில் ஒரு கோபுரத்துக்கு இரவுக் காவல்.
நான் ஏசிக் குழாய்க்குள் தலைவிட்டு
அடுத்தவர் மூச்சுக்குத் தூசி எடுப்பவன்.

ஊரடங்கில்தான் முகம் பார்த்தேன்.
மொக்லேஸ். நினைத்ததைவிடக் குள்ளம்.
நீதானா அது என்றான் இந்தியில்.
நீதானா அது என்றேன் என் தப்பு இந்தியில்.

முறை போட்டோம். நாலு மணி நேரம் அவன்,
நாலு மணி நேரம் நான்,
மிச்சப் பொழுது மாடிப்படியில்.

ஆறடி விலகி இருக்கச் சொன்னார்கள்.
அருமைநாயகம் வேலை டேப்பை இழுத்தான்.
என் தலைமாட்டில் தொடங்கி
மூன்று பேர் கால்களைத் தாண்டி
சன்னலுக்கு வெளியே போய்
வெயிலில் தொங்கியது ஆறடி.
சிரித்தோம். வாயைப் பொத்திக்கொள்ள
யாருக்கும் தோன்றவில்லை.

கோபுரத்து லிஃப்டில் ஒருவர்தான் ஏறலாமாம்.
பாதம் வரைந்த வட்டத்தை மொக்லேஸ்தான் ஒட்டினானாம்.
சாணால் அளந்தேன், என்றான்,
நம்ம கட்டிலைவிட ஒரு சாண் அகலம்.

வெள்ளிக்கிழமை,
என் முறையையும் நீயே படு, என்று
படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.
நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே
எட்டு மணி நேரம் தூங்கினேன்.

எழுந்தபோது வாசலில் வெள்ளை உடுப்புகள்.
செருப்பைத் தேட விடவில்லை,
என் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.
பள்ளிக்கூடம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள்.
எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டவனுக்கு
ஒரு முகக்கவசம் கொடுத்தார்கள்.

அன்றிரவு கை வைத்துப் பார்த்தேன்.
மெத்தை ஆறிக் கிடந்தது.

மூன்றாம் நாள் போன். மலையாளத்துச் சிஸ்டர்,
தூக்கமில்லாத குரல்.
தனி அறையில் இருங்கள், என்றார் முதலில்.
சரி, என்றேன்.
அவரும் நீங்களும் ஒன்றாகச் சாப்பிட்டீர்களா?
இல்லை.
பக்கத்தில் படுத்தீர்களா?
ஒருநாளும் இல்லை, சிஸ்டர்.
அப்போ நெருங்கிய தொடர்பு இல்லை.
தட்டச்சுச் சத்தம் கேட்டது.

உங்கள் கட்டில் எண்?
ஏழு, கீழ்.

அவருடையது?

படியில் யாரோ இருமினார்கள்.
சிஸ்டர் காத்திருந்தார்.