துருத்தி

காரையாறு அணை நிரம்பினால்
ஏழு மேடுகளுக்குத் தீவு என்று பெயர்.
வைகாசியில் தண்ணீர் இறங்கிவிடும்,
சேற்றில் தடம் பதித்து யானையே நடந்து கடக்கும்.
ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும்
நான் தீவுகளை நம்புகிறவள்.

பெரிய தீவில் பன்னிரண்டு நாள்.
விழுந்த மரம், நின்றபடியே செத்த மரம்,
அணை கட்டியபோது மூழ்கி இன்னும் மட்காத அடிக்கட்டை,
எல்லாவற்றிலும் எண் போட்ட தகரம் அடித்தேன்.
மருதின் இடுப்பில் தட்டு தட்டாக ஏறுகிறது ஒன்று,
விளிம்பில் மட்டும் புதுச் சுண்ணாம்பு.
நாங்குக் கிளையில் ஒரு காது,
மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருளும்.
நகமில்லாத கரிய விரல்கள்
கட்டைக்குள்ளிருந்து கை தூக்கி
வருகைப் பதிவுக்குக் காத்திருந்தன.
பட்டாணி அளவில் ஒரு கிண்ணம்,
அதற்குள் மூன்று முட்டைகள்.
நெருப்புப் பெட்டிகள் தீர்ந்துபோக
மீதியைத் தினசரித் தாளில் மடித்தேன்.
முப்பத்தொன்று.

படகுக்காரர் பூலுடையாருக்கு
அத்தனையும் நாய்க்குடை.
"இங்கன நாயே கெடயாதே,
யாருக்குக் குடை பிடிக்கு?"
என்று அவரே கேட்டுக்கொண்டு
காலில் ஏறிய அட்டைக்குப் புகையிலை தேய்ப்பார்.

விதி எளியது:
தீவு பெருத்தால் வகை பெருகும்,
கரை விலகினால் வகை குறையும்.
பாளையங்கோட்டையில் கரும்பலகையில்
அந்தக் கோட்டைச் சார் ஒரே இழுப்பில் வரைவார்.
ஆறாவது தீவு வரை
கோடு சொன்ன பேச்சைக் கேட்டது.

ஏழாவதில் நாலு கட்டில் போட்டால் இடம் முடிந்தது.
இருந்ததே ஒரு வேங்கை,
அதுவும் போன புயலில் சாய்ந்து
தலை தண்ணீரில், வேர் வானத்தில்.
வெட்டினால் சிவக்கும் மரம்
வெட்டாமலே வெளுத்துக் கிடந்தது.
விரலால் அழுத்தினால் ஊறிய அவல்.
முழங்காலிட்டு எண்ணினேன்.
மூன்று மணிக்கு இருபத்தாறு.
பட்டைக்கு அடியில் பார்த்தபின் முப்பத்துநாலு.
தப்பாயிருக்கும் என்று
வேரிலிருந்து மறுபடி தொடங்கினேன்.
முப்பத்தைந்து.

உயிரோடு நின்றபோது இந்த வேங்கை
இத்தனை பேரைத் தாங்கியிருக்காது
என்று எழுதத் தோன்றியது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆற்றுக்கு நடுவே மிஞ்சும் திட்டுக்குத்
துருத்தி என்று பழைய பெயர் உண்டு.
கொல்லன் உலையில் ஊதுவதும் துருத்திதான்.
பள்ளியில் இரண்டு பொருளையும் எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கியவள் நான்.
வேங்கையின் முதுகில் ஓர் உருண்டைக் காளான்,
அதன் உச்சியில் ஊசித்துளை.
இலையிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது.
ஒரு மூச்சு பழுப்புப் புகை
எழும்பி, கலைந்து,
பெரிய தீவின் பக்கமாகப் போனது.
இரண்டு மதிப்பெண்ணும் ஒரே இடத்தில்.

திரும்பும்போது இருட்டு கட்டியது.
பலகையைப் பிடித்த கைக்கு அடியில்
ஏதோ ஈரமாய், மெத்தென்று.
குனிந்து டார்ச் அடித்தேன்.
ஆயினிப் பலகையின் அடிப்பக்கம் நெடுகிலும்
மஞ்சள் விசிறிகள், சின்னவிரல் நக அளவில்.
ஏழு பட்டியலிலும் இல்லாதது.

"அதுவா, வருசாவருசம் வரும்.
சொரண்டிச் சொரண்டி அந்தந்தக் கரையில எறிஞ்சிருவேன்.
இந்தத் தடவ மறந்துட்டேன்."
துடுப்பை நிறுத்தாமலே சொன்னார்.
பிறகு, கொஞ்சம் பயந்த குரலில்,
"கணக்குல இடிக்குமோ?"

இடிக்கும்.
எது காற்றில் போனது, எது இவர் கத்தியில் போனது,
எது என் செருப்பில் போனது
என்று யார் பிரிப்பார்கள்?
நாளைக்குச் சாருக்குப் போன் செய்யவேண்டும்.

இப்போதைக்குப் புதுப் படிவம் எடுத்தேன்.
தீவு எண்: எட்டு.
நீள அகலம்: பதினாறுக்கு நாலடி.
மரம்: ஆயினி, அறுத்தது, தார் பூசியது.
கரையிலிருந்து தூரம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன்.
படகு போய்க்கொண்டே இருந்தது.