லாபம், ரெண்டு, மூணு

திருவாரூர் பெரியாஸ்பத்திரியில்
என் எலும்புக்கு மார்க் போட்டார்கள்.
மைனஸ் மூணு.
பள்ளிக்கூடம் மிதிக்காதவளுக்கு
முதல் மார்க்கே அப்படி.

குழாயடிப் பாசியில் வழுக்கி ஒடிந்த மணிக்கட்டைத்
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
பிசியோதெரபி பெண் ஜெனோவா சொன்னாள்:
"தையல்நாயகிம்மா, இனிமே குனியாதீங்க.
எதை எடுக்கணும்னாலும் முட்டியை மடக்குங்க.
முதுகு வளையவே கூடாது."

நாற்பத்தொரு சம்பாவுக்குக் குனிந்தவள் நான்.
வரப்பில் நின்றவர்கள் அத்தனை பேரும்
குனி குனி என்றுதான் சொன்னார்கள்.
சிரிப்பு வந்துவிட்டது.
அவளுக்குப் புரியவில்லை, பாவம்.

விடியலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
குதிகால் தூக்குகிறேன்.
எண்ணச் சொல்லியிருக்கிறாள்.
எனக்குத் தெரிந்தது களத்துக் கணக்கு:
லாபம், ரெண்டு, மூணு...
மரக்காலில் அளந்து
என் வீட்டில் ஒருநாளும் நிற்காத லாபம்
கெண்டைக்காலில் கொஞ்சம் நிற்கிறது.

கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ
பத்து நாள் பிடித்தது.
பதினோராம் நாள் எழுந்துவிட்டேன்.
யாரிடம் சொல்வதென்று தெரியாமல்
கோழிக்குத் தவிடு வைத்தேன்,
முட்டியை மடக்கி.

நேற்று ஒற்றைக்காலில் நிற்கும்போது
வாசலில் புல்லட் சத்தம்.
மேலத்தெரு மிராசு மகன்.
வெண்ணாற்றில் தண்ணி வந்துடுச்சாம்,
நடவுக்கு ஆள் சேர்த்துத் தரணுமாம்.

முந்தி என்றால் முந்தானையை இழுத்துக்கொண்டு
பாதி உடம்பாய்ப் போயிருப்பேன்.

கால் நடுங்கியது.
கம்பியில் ஒரு விரல்தான்.
"இருங்க தம்பி," என்றேன்,
"இன்னும் எட்டு."