சோதனை அறையில் ஒரு துடைப்பம்

பீன்யா இரண்டாம் கட்டத்தில்
ஆணி செய்யும் பட்டறைக்கும் பிஸ்கட் கிடங்குக்கும் நடுவே
எங்கள் கொட்டகை.
உள்ளே சுழல்வது ஒரு முக்கோணம்,
பக்கங்கள் மூன்றும் கொஞ்சம் ஊதிய முக்கோணம்.
சமோசா என்று அதற்குப் பெயர் வைத்தவள் ரெஜினா.

மாரிக்குப்பத்தில் இருட்டோடு ஏறும் ரயில்,
பிறகு மெட்ரோ, பிறகு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடை.
ஏழே முக்காலுக்கு அவள் உள்ளே வரும்போது
நான் அழுத்தமானியோடு
அன்றைய முதல் சண்டையில் இருப்பேன்.

பிஸ்டன் எஞ்சினுக்குள் ஹைட்ரஜன் பொறுமையாக இருக்காது.
லக்கரேயில் நான் குடியிருந்த ஒற்றை அறை மாதிரி அது:
அடுப்பும் அங்கேதான் படுக்கையும் அங்கேதான்.
சூடு ஆறாத எதையாவது தொட்டுவிட்டால்
தன் முறை வருமுன்னே பற்றிக்கொள்ளும்,
வந்த குழாய் வழியே திரும்பி வெடிக்கும்.
சமோசாவுக்கு அந்தத் தொல்லை குறைவு.
மூச்சு இழுக்கும் மூலை வேறு,
எரியும் மூலை வேறு.
அது ஒரு சுற்று வருவதற்குள்
நடுவிலிருக்கும் தண்டு மூன்று சுற்று முடித்துவிடும்.
இதை விளக்க நான்
எத்தனை டீக்கடை மேஜைகளில் விரலால் வரைந்திருக்கிறேன்!

தீதான் பயம்.
இந்த வாயு எரிந்தால் பகலில் கண்ணுக்குத் தெரியாது.
கசிவு கண்டுபிடிக்கும் கருவிகள் நான்கு வாங்கினோம்,
இரண்டு வேலை செய்கின்றன.
அதனால் ரெஜினா
தென்னந்துடைப்பம் ஒன்றை முன்னால் நீட்டிப் பிடித்து
குழாய் ஓரமாகவே நடப்பாள்,
முன்பின் தெரியாத நாயிடம் கை நீட்டுகிறவள் போல.
ஈர்க்கு கருகினால் அங்கே நெருப்பு.

மார்ச்சில் ஒரு வியாழன்
பணம் போடுகிறவர்கள் பார்க்க வந்தார்கள்.
அதில் ஒருவர், வெள்ளைச் சட்டை,
ரெஜினாவைப் பார்த்துச் சொன்னார்:
"அந்த மூலையையும் கொஞ்சம் பெருக்கிடும்மா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
துடைப்பத்தை அந்த மூலைக்கு நீட்டினாள்.
நுனி சுருண்டது.
கறுத்தது.
ஒரே ஒரு ஈர்க்கு பொன்னாய்ப் பிடித்துக்கொண்டது.

நான் வால்வை மூடித் திரும்பியபோது
வெள்ளைச் சட்டை வாசலுக்கு வெளியே,
பிஸ்கட் வாசனையில் நின்றிருந்தது.

மதியம் இணைப்பை மாற்றி மறுபடி ஓட்டினோம்.
வெளிப்போக்கியின் வாயில் புகை இல்லை,
இட்லிப் பானையைத் திறந்தாற்போல ஆவி.
குளிர்ந்து சொட்டியதை
எவர்சில்வர் டம்ளரில் பிடித்தோம்.
தெருவில் தண்ணீர் டேங்கர் ஹாரன் அடிக்க
குடங்கள் இடித்துக்கொண்டு ஓடும் சத்தம்.
"இதைக் குடிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"
தைரியம் திரும்பியிருந்தது சட்டைக்கு.

ரெஜினா டம்ளரைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினாள்.
தண்ணீர்மேல் மெல்லிய படலம், மயில்கழுத்து நிறம்.
முனைகள் சுவரில் உரசித் தேயாமலிருக்க
நாங்கள் சொட்டுச் சொட்டாய் ஊட்டும் எண்ணெய்.

"எண்ணெய் கொஞ்சம் எரியும் சார்.
சூடு எகிறினா நைட்ரஜன் ஆக்சைடும் கொஞ்சம் வரும்.
சிலிண்டர் வர்றது டீசல் லாரியில."
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று
நான் மடித்து வைத்திருந்தவற்றை
ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள்.
இந்த ஹைட்ரஜனே
இன்னொரு எரிவாயுவை உடைத்து எடுத்தது என்பதையும்.
பிறகு, அதே குரலில்:
"ஆனா கரிப்புகை இல்ல. வந்து மோந்து பாருங்க."

அவர் வந்து மோந்தார்.
கண்ணாடி பனித்துப்போய்
துடைக்கக் கைக்குட்டை தேடினார்.

பணம் இன்னும் வரவில்லை.
அன்றைய பதிவேட்டில் அவள் கையெழுத்து இருக்கிறது:
ஓடிய நேரம் நாற்பத்தோரு நிமிடம்.
கசிவு ஒன்று, வடகிழக்கு மூலை, சரிசெய்தாச்சு.
தண்ணீர் ஒரு டம்ளர், குடிக்க உதவாது.
புதுத் துடைப்பம் வாங்க வேண்டும்.