நாற்பத்தொரு நிமிடம்

துவாஸ் சோதனைச்சாவடி. அதிகாலை மூன்று பத்து.
ஊடுகதிர் வாயிலுக்குள் லாரி மெல்ல நகர்கிறது;
என் திரையில் தோலுரித்து நிற்கிறது.
அச்சு, சக்கரம், டீசல் தொட்டி,
பின்னால் பலகைத் தட்டுகளில் அடுக்கடுக்காய்
கார்க் காற்றுப்பைகளுக்கான வெடிப்பான்கள்,
தாளின்படி நாலாயிரத்து எண்ணூறு.

ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு.
ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் வெடிமருந்து.
நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் வெடித்து
எவருடைய முகத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவிலோ
தலையணை போட வேண்டியவை.
வெடித்தால்தான் காக்கும்.
இதை எங்கே எழுதுவது?
படிவத்தில் ஆபத்துக்கு ஒரு கட்டம்,
பாதுகாப்புச் சாதனத்துக்கு வேறொரு கட்டம்.

மூன்றாம் தட்டில் ஒரு பெட்டிக்குள்
சாம்பல் நிறம் கொஞ்சம் தடித்திருந்தது.
கொஞ்சம்தான். ஆறிய பாலில் ஆடை மாதிரி.
நூர்ஹயாத்தி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.
அந்தப் பிதுக்கலுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.
நிறுத்து என்று பொத்தானை அழுத்தினேன்.

மூன்று இருபது. சரக்கு முகவர் ஹுய் லிங் அழைக்கிறாள்.
குரலில் தூக்கமில்லை, கெஞ்சலும் இல்லை, கணக்குதான்:
ஆறு மணிக்குமேல் கப்பல் பெட்டி வாங்காது,
அடுத்த கப்பல் வெள்ளிக்கிழமை,
வெள்ளி என்றால் கடலுக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில்
ஸ்டீயரிங் நடுவே ஓட்டையோடு
கார்கள் வரிசையில் காத்து நிற்கும்.
நிமிடத்துக்கு இவ்வளவு நட்டம் என்று ஒரு தொகை சொன்னாள்.
அதை என் ஆண்டுச் சம்பளத்தோடு ஒப்பிடும் பழக்கத்தை
விட்டு வெகுநாளாகிறது.

சுங்கம் தவிர்த்த சோழன் என்று ஒருவனைப்
பள்ளியில் படித்திருக்கிறேன்.
வரியை நீக்கியே பேர் வாங்கியவன்.
கடந்துபோகும் பெட்டிகளிடம் இந்தத் தீவும் காசு கேட்பதில்லை.
நிமிடம்தான் கேட்கிறோம்.
அதையும் தவிர்க்கச் சொல்லித்தான்
எல்லோரும் அழைக்கிறார்கள்.

தவிர்க்கலாம்.
எல்லாவற்றையும் திறந்தால் பாலம் அடைத்துக்கொள்ளும்,
பாலம் அடைத்தால் காலைக்கு முட்டைகூட வராது.
எதையுமே திறக்காவிட்டால்
என்று தொடங்கும் வாக்கியத்தை
என் பணிமுறையில் இதுவரை யாரும்
முடிக்க நேர்ந்ததில்லை.

ஓட்டுநர் கலைவேந்தன் வெளியே
தடுப்புக் கம்பியில் சாய்ந்திருந்தார், சட்டை பாதி நனைந்து.
கூலாயில் ஏற்றியது. இரண்டு மணி நேரம் வரிசை.
அவருக்கு நடைக்குத்தான் கூலி, நிற்பதற்கு இல்லை.
மன்னிப்புக் கேட்கலாமா என்று நான் யோசிக்கும்போதே
அவர் சொன்னார்:
"நல்லாப் பாருங்க மேடம்.
பதினோரு வருசமா லோரி ஓட்டுறேன்,
முதுகுக்குப் பின்னால என்ன இருக்குன்னு
எனக்கும் ஒருநாளும் தெரிஞ்சதில்ல."

முத்திரையை வெட்டினார்கள். பெட்டி திறந்தது.
எண்ணிக்கை சரி. வரிசை எண்கள் சரி.
ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில்
நான்கு, நீர் குடித்துக் கொழுத்து.
மழைக்காலமாயிற்றே என்று
அந்தக் கரையில் பொதி கட்டிய யாரோ
அக்கறையாகச் சேர்த்துப் போட்டிருக்கிறார்.
என் திரைக்கு அது சந்தேகமாக வந்து சேர்ந்திருக்கிறது.

மூன்று ஐம்பத்தொன்று. புது முத்திரை, புது எண்.
"ஒன்றுமில்லை" என்று பதிந்தேன்.
கலைவேந்தன் கையசைக்கவில்லை, கோபமாகவும் இல்லை;
சிவப்பு விளக்குகள் துறைமுகம் பார்த்துப் போயின.
கப்பலைப் பிடித்ததா, தெரியாது.
அது வேறு துறையின் திரை.

ஏழரைக்குப் பணி முடிந்து பேருந்து.
காரைவிடக் காருக்கான உரிமைச்சீட்டு விலையேறிய ஊரில்
எனக்கு ஏது கார்.
ஜூரோங் திருப்பத்தில் ஓட்டுநர் சட்டென்று பிரேக் அழுத்த,
நின்றவர்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம்.
எதிரே மஞ்சள் இரும்புக் கம்பி.
அதற்கும் என் முகத்துக்கும் நடுவில்
என் கை.