நின்றால் மட்டும்

மீஞ்சூர் வரை எண்பதில் விரட்டினாலும்
முள் பாதியைத் தாண்டாது.
காசிமேட்டில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால்
பத்து நிமிஷம் நின்றால் போதும்,
சிவப்புக் கோட்டை முட்டிவிடும்.

இதைத்தான் மூன்று பேரிடம் சொன்னேன்.
தண்டையார்பேட்டைக்காரர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்.
மூலக்கொத்தளத்தில் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி
துருத்தண்ணீரை டம்ளரில் பிடித்துக் காட்டினார்கள்,
ஏதோ நான் ஊற்றிவைத்த மாதிரி.
வியாசர்பாடிக்காரர் பானட்டையே திறக்கவில்லை.
"வித்துடு" என்றார்.
ஆக நாலாயிரத்து எழுநூறு ரூபாய்.
வியாசர்பாடி மட்டும் இலவசம்.

நேற்று சாயங்காலம் நாலே முக்கால்.
எண்ணூரில் ஏறிய கிளியரிங் ஆபீஸ் எஸ்தர் மேடம்
மடியில் பில் கட்டோடு பின்சீட்டில்.
ஆறு மணிக்குள் துறைமுக கேட்டில் கொடுத்தாக வேண்டும்.
முன்னால் நாற்பதடிப் பெட்டி,
பக்கத்தில் நாற்பதடிப் பெட்டி,
நடுவே ஒரு முழம் வானம்.
முள் எழுந்தது.
கண்ணாடிகளை இறக்கி ஹீட்டரை முழுசாகத் திருகினேன்,
அக்னி நட்சத்திரத்தில்.

"தம்பி, ஏதாச்சும் வேண்டுதலா?"
"என்ஜின் சூட்டுல கொஞ்சம் நாம வாங்கிக்கணும் மேடம்."
வாங்கிக்கொண்டார்,
பில் கட்டால் விசிறிக்கொண்டே.

கண்ணாடியில் அந்தக் கை
போய் வந்தது, போய் வந்தது.
ஓடுகிற வண்டிக்கு ரோடே விசிறும்.
நிற்கிற வண்டிக்கு?

ஏசியைத் தட்டினேன்.
தட்டினால் முன்னால் ஃபேன் சுற்றியாக வேண்டும்.
காதைக் கொடுத்தேன்:
டீசல் உறுமல், மீன்வண்டி மணி,
யாரோ யாரையோ அம்மாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டுவது.
ஃபேன் இல்லை.

ஓரங்கட்டி, அணைத்து, பானட்டைத் தூக்கினால்
ஐஸ் வண்டிக்காரர் தலகாணி அளவு கட்டியோடு நிற்கிறார்.
"மேல வெச்சுடு வாத்யாரே, ஜில்லுனு ஆயிடும்."
"ஆளுக்குத்தாண்ணா ஐஸ் வெக்கலாம்.
இதுக்கு வெச்சா ஹெட்டு விண்டுபோவும்."
ரேடியேட்டர் மூடிக்குப் போன அவர் கையையும் தட்டிவிட்டேன்.
கொதிக்கிறபோது அந்த வாயைத் திறந்தால்
முகத்தில்தான் பேசும்.
ஒரு சில்லை உடைத்துக் கர்ச்சீப்பில் சுற்றி
மேடம் கழுத்தில் வைத்துக்கொண்டார்.
மீன் வாசம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஃபியூஸ் நன்றாக இருந்தது.
பக்கத்தில் ரிலே,
பாதித் தீப்பெட்டி, கறுப்பு.
பிடுங்கிப் பார்த்தால்
நாலு காலில் ஒன்று கருகிக் குட்டையாகியிருந்தது.
இவ்வளவுதானா.
இதற்கா டம்ளரில் துரு.

அதே வரிசையில் அதே அளவு, அதே நாலு கால்,
தலையில் அதே நம்பர்: ஹாரனுடையது.
அதைக் கழற்றி இதில் செருகிச் சாவியைத் திருப்பினேன்.
உர்ர்ர் என்று கிளம்பியது காற்று.
ஐஸ்காரர் விசிலடித்தார்.
முள் இறங்க ஏழு நிமிஷம்,
ஏழையும் எண்ணினேன்.

பிறகு வந்தது இன்னொரு கணக்கு.
கேட் வரை ஒன்றரை கிலோமீட்டர், ஊமை வண்டி.
கட்டைவிரலுக்கு விஷயம் தெரியாது,
அமுக்கியது, அமுக்கியது.
வலை சுமந்தவர் திரும்பவில்லை.
மூன்று பேர் போன ஸ்கூட்டரில் ஒருவரும் திரும்பவில்லை.
மேடம் ஜன்னலுக்கு வெளியே தோள்வரை போனார்.
"யப்பா மஞ்சச் சட்ட! ஒதுங்கு!
ஏய் டேங்கரு, உன்னத்தான்!"
எண்ணூரில் ஏறும்போது
முகவரியைக்கூட முணுமுணுத்தவர்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு கேட்.
வாடகையில் இருபது ரூபாய் குறைத்து எண்ணிக் கொடுத்தார்.
"ஹாரன் சார்ஜ்" என்றார், தொண்டை கட்டிய குரலில்.

இன்று காலை புது ரிலே, நூற்று அறுபது ரூபாய்.
கருகினது ஆஷ் ட்ரேயில் கிடக்கிறது.
எருக்கஞ்சேரி பக்கம் சவாரி இல்லைதான்,
ஆனாலும் வியாசர்பாடி வழியாகப் போய்
அவர் கடை வாசலில் வேகத்தைக் குறைத்து
ஒரே ஒரு தடவை,
நீளமாக.