ஓடு

ஆலங்கட்டி மழை கூரையைத் தின்று பதினோரு நாள்.
நீலத் தார்ப்பாய்க்குக் கீழே விளக்கை இழுத்து வைத்து
ஒரு கிராடாட் கட்டினேன்.

இறாலுக்கும் நண்டுக்கும் நடுவில்
எங்கோ நின்றுவிட்ட பிராணி.
ஓசார்க் மலை ஓடைகளில் எந்தக் கல்லைப் புரட்டினாலும்
இரண்டு கொடுக்கையும் உயர்த்தி
அடிக்க வருவதுபோல் நிற்கும்.
அடுத்த கணம் வாலைச் சொடுக்கி
பின்பக்கமாகவே பறந்துவிடும்,
கண் மட்டும் நம் மேலேயே.

ஆகவே தூண்டில் முள்ளில் அதைத் தலைமாற்றிக் கட்ட வேண்டும்.
முள்ளின் வளைவில் கொடுக்கு, நரம்பு கோக்கும் கண்ணில் வால்.
முயல்தோல் இரண்டு கீற்று.
ரப்பர் கால்கள், எண்ணிக்கை உங்கள் மனசாட்சிப்படி.
கனத்துக்கு ஈயமணி இரண்டு,
அடியில் போய் முள் மேல்பார்த்துப் படுக்கும்படி.

நிறத்தில்தான் தகராறு.
படகு வாடகைக்கு விடும் ஆர்வில் ப்ரூயிட்
செங்கல் நிறம் என்பான்,
கோடையானாலும் பனியானாலும் செங்கல்.
நான் நேற்று பதினேழு கல் புரட்டினேன்.
பதினாறில் பாசிப்பச்சை.
ஒன்றில், அப்போதுதான் ஓடு கழற்றியது:
வெளிறி, வெண்ணெய்போலக் குழைந்து,
கொடுக்கைத் தூக்கவும் தெம்பில்லாமல்.
பக்கத்தில் பழைய உடம்பு,
கண்ணிருந்த குழிவரை முழுசாக.
பாஸுக்கும் ட்ரௌட்டுக்கும் பொதுவான ஒரே ருசி
ஓடில்லாத இந்த இரண்டு நாள்.

வெளிறிய நிறத்திலேயே கட்டினேன்.
தலைக்கு மேல் தார்ப்பாய்
படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஊற்று வந்து ஆற்றில் விழும் இடம்.
இடது கால் மரத்துப்போகும், வலது கால் சுகமாக இருக்கும்.
மேலே குளிரில் ட்ரௌட், கீழே வெதுவெதுப்பில் பாஸ்,
நடுவில் நான், பதினைந்து மைலில்
செல்போன் எடுக்கும் ஒரே கூழாங்கல் திட்டு.
அதனால் காப்பீட்டுக் கம்பெனியைக் கூப்பிட்டேன்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்றது.
பிறகு பியானோ.

சட்டைப் பையில் பியானோ வாசிக்க
கம்பை வீசினேன். நூல் விரிந்து இறங்கியது.
இழு, நிறுத்து. இழு, நிறுத்து.
எப்போதும் நான் அவசரக்காரி,
நிறுத்து என்றால் எனக்கு அரை மூச்சு.
பூச்சி பயந்தோட, பின்னால் ஒன்றும் வராது.

திடீரென்று பியானோ நின்றது.
பாலிசி எண் என்ன, மிஸஸ் ஹாட்செட்?
மறு பையில் காகிதத்தைத் தேடினேன்.
நான்கு, நான்கு, ஒன்பது.
ஆற்றின் அடியில் என் கிராடாட் அசையாமல் கிடந்தது.
புகைப்படம் அனுப்பினீர்களா? அனுப்பினேன்.
கூரைக்கு வயசு? பத்தொன்பது.
தேய்மானம் கழித்துத்தான் தருவோம்.
கிடந்தது.
அதைச் சொல்ல உனக்கு என்ன... என்று ஆரம்பித்தேன்,

நூல் ஒரு விரல்கடை பக்கவாட்டில் நகர்ந்தது.
இழுக்கவில்லை. யாரோ கதவைத் தள்ளி
திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

கொஞ்சம் லைனில் இருங்கள் என்றேன்.
கம்பு வளைந்து தண்ணீரைத் தொட்டது.
வெண்கலம் ஒன்று வானத்துக்கு எழும்பித் தலையை உதறியது.
பாஸ். இரண்டாம் தடவை எழும்பியபோது
அதன் சிவப்புக் கண்ணை நான் பார்த்தேன்.
கெட்ட வார்த்தைகள் சில சொன்னேன்,
இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்பது மறந்து.

முழங்கால் ஆழத்தில் வாயைப் பிடித்துத் தூக்கினேன்.
உதட்டு மூலையில் என் வெளிறிய பூச்சி.
பையிலிருந்து சின்னக் குரல்: என்ன சத்தம் அங்கே?
மீன்.
பெரிசா?
பெரிசுதான்.
ஒரு மௌனம். இந்தத் தடவை பியானோ இல்லை.
எதைப் போட்டீங்க?

சொல்ல வாயெடுத்தவள் மீனின் தொண்டைக்குள் பார்த்தேன்.
இரண்டு மீசை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன,
அவற்றின் பின்னே, இன்னும் விழுங்கி முடியாத
ஒரு நிஜக் கொடுக்கு,
சுட்ட செங்கல் நிறத்தில்.

மீனை விட்டேன்.
கூரை விஷயத்துக்கு வருவோம் என்றேன்.